பூட்டிய மடல்கள்

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் அந்தமானுக்குப் புதிதன்று. செல்லுலர் சிறையின் அரசியல் கைதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதமே அனுமதி என்பதும், அதுவும் அதிகாரிகளின் பார்வைக்குத் தப்பாது என்பதும் சரித்திரம். அந்தக் காலம் போய், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டனர். ஆயினும், சாதாரண மின்னஞ்சல் வழியில் பத்திரமாகச் சென்றாலும், சேவை தரும் நிறுவனத்தின் கணினியில் அந்நிறுவனம் படிக்கக்கூடிய நிலையிலேதான் தங்குகிறது.

அந்தமானின் வண்டூரில் சிறிய தங்குமிடம் நடத்திவரும் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை உண்டாகக் காரணம், நிலப் பத்திரமும் மருத்துவ அறிக்கையும் மதுரையிலுள்ள அக்காவுக்கு மின்னஞ்சலிலேயே போய்வருவதுதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் செயற்பாட்டுக்கு வந்தபின், முன்பு தபாலிலும் ஆள்வசமும் அனுப்பிவந்த காகிதங்கள்கூட இப்படிப் பயணம் செய்யத் தொடங்கின.

இவற்றைக் காக்க நான் கைக்கொண்டது, ஃபில் ஜிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பிஜிபி என்னும் மறையாக்க முறையின் வழிவந்த ஓபன்பிஜிபி. தண்டர்பேர்ட் என்னும் இலவச மென்பொருளில் 78-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளடங்கியே வருகிறது. தெருவோரத் தபால் பெட்டியில் யாரும் கடிதம் போடலாம், திறப்பவர் சாவியுடையவர் மட்டுமே அல்லவா? அவ்வாறே, நம் பொதுச்சாவியைக் கொண்டு எவரும் நமக்கு மடலைப் பூட்டி அனுப்பலாம். திறக்கும் தனிச்சாவியோ நம்மைவிட்டு அகலாது.

இதில் முதற் பாடம், சாவி மெய்யாகவே உரியவருடையதா என்று நிச்சயித்துக்கொள்வது. ஏனெனில் எவரும் எவர் பெயரிலும் ஒரு சாவி உண்டாக்கிவிடலாம். எங்கள் சாவி ஒவ்வொன்றுக்கும் 'கைரேகை' எனப்படும் 40 குறிகள் கொண்ட அடையாளம் ஒன்று உண்டு. அதைத் தொலைபேசியில் ஒப்பிட்டபோது, "நாலு நாலாப் படி தம்பி, நான் திருப்பிச் சொல்றேன்" என்றாள் அக்கா. பி, சி, டி, இ ஆகிய ஆங்கில எழுத்துகள் நான்கும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கவே, "பம்பாய் பி, டெல்லி டி" என்று ரயில்வே பாணியில் சொல்லித்தான் அந்தப் பத்துத் தொகுதிகளையும் கடந்தோம். குரலை அறிந்த ஒருவரோடு செலவிட்ட அந்தச் சில நிமிஷங்களே, மற்ற ஏற்பாடுகள் அனைத்துக்கும் அஸ்திவாரம்.

இரண்டாவது, எவர் எவருக்கு எப்போது எழுதினார் என்பதை இம்முறை மறைப்பதில்லை. தலைப்பு வரியைத் தண்டர்பேர்ட் மறைக்க வல்லதெனினும் எல்லா மென்பொருளும் அப்படியல்ல. ஆகவே நோயின் பெயரையோ வங்கியின் பெயரையோ தலைப்பில் எழுதாமல், "வீட்டு விஷயம்" என்பதோடு நிறுத்திவிடுகிறேன்.

மூன்றாவது, தனிச்சாவி தொலைந்தால் பழைய மடல்களைத் திறக்க உபாயமே இல்லை. உப்புக் காற்று கணினியை அரிக்கும் இக்கடற்கரையில், கடவுச்சொல்லிட்ட பிரதி ஒன்றைப் பென்டிரைவில் வேறோர் ஊரில் வைத்திருப்பது அவசியம். தண்டர்பேர்டின் முதன்மைக் கடவுச்சொல்லையும் அமைத்துவிட வேண்டும். இல்லையேல் கணினியைத் திறந்தவர் எவரும் மடலையும் திறந்துவிடுவார்.

இத்தனையும் எதிர்முனையில் இசைந்து வருபவர் ஒருவர் இருக்கும்போதே சாத்தியம். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைக் காண வந்து இரண்டு இரவு தங்கிச் செல்லும் விருந்தினரைச் சாவி உண்டாக்கிக்கொண்டு வரச் சொல்ல இயலாது. ஆகையால், முன்பதிவுக்கென ஆதார் பிரதியை மின்னஞ்சலில் அனுப்ப முற்படுவோரிடம், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியையே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்; வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுகிறேன். பூட்ட முடிந்ததைப் பூட்டுவதும், பூட்ட முடியாததைக் குறைத்து வாங்குவதும் சேர்ந்ததே முழு ஜாக்கிரதை. புதிதாகத் தொடங்குகிறவர் ஊரையெல்லாம் மாற்றப் புறப்படாமல், அதிக அந்தரங்கமான விஷயங்களை யாருக்கு எழுதுகிறாரோ அந்த ஒருவரோடு மட்டும் தொடங்குவதே உத்தமம்.