எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுதல்: பட்டறைக்கும் வீட்டிற்கும் ஒரு பாடம்

பாதரசத்தைக் கொண்டு தங்கம் பிரித்த பழைய ஆலைகளில், இடித்துப் பொடியாக்கிய தாதுவை நீரிற் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவது வழக்கம். பொன் துகள்கள் பாதரசத்தோடு சேர்ந்து தகட்டில் தங்கும். கற்பொடி நீரோடு போய்விடும். இயந்திரங்களிலிருந்து வழியும் எண்ணெய் இக்குழம்பிற் சிறிதளவு கலந்தாலும், அது பொன் துகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, பாதரசம் அதனை அணுகாதவாறு தடுத்துவிடும். பொன் கழிவோடு கழிந்துபோகும். ஆகவே, பிசுக்கேறிய தகடுகளைக் காரக் கரைசலால் கழுவித் துப்புரவாக்க வேண்டியிருந்தது.

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எனினும் பிசுக்கு என்னும் பிரச்சினை மூடப்படவில்லை. 1964இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே மண்வாரி இயந்திரங்களைச் செய்து வருகிறது. வாகனங்களைப் பழுது பார்க்கும் சிறு பட்டறைகளும், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்துவரும் லைன் வீடுகளின் அடுக்களைகளும் உள்ளன. இங்கெல்லாம் நாள்தோறும் எழும் வினா ஒன்றே: பிசுக்கை எதனால் அகற்றுவது? கடுமையான பொருளே சிறந்தது என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் தவறானது என்பதை இக்கட்டுரை விளக்கும்.

பிசுக்கு இருவகை

எண்ணெய் என்னும் ஒரே பெயரால் நாம் வழங்கும் பொருள்கள் ரசாயன அமைப்பில் ஒன்றல்ல. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய், விலங்குக் கொழுப்பு ஆகியவை கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தவை. காரம் இவற்றைத் தாக்கிச் சோப்பாக மாற்றும். சோப்பு நீரிற் கலந்து போய்விடும். சமையற் பாத்திரத்தை நம் பாட்டிமார் சாம்பலால் தேய்த்ததன் காரணமும் இதுவே. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட்டு ஒரு மென்காரம்.

இயந்திர எண்ணெய், கிரீஸ், டீசல் ஆகியவற்றின் பெரும்பகுதி பூமியிலிருந்து எடுக்கப்படும் பெட்ரோலியத்தாலானது. அது ஹைட்ரோகார்பன்களால் ஆனது. எவ்வளவு காரம் இட்டாலும் அது சோப்பாக மாறாது. அதனை நீக்க இரண்டே வழிகள் உண்டு. தன்னினத்தைச் சேர்ந்த மண்ணெண்ணெய் போன்ற திரவத்திற் கரைத்தல் ஒன்று. சலவைத் திரவத்தின் உதவியால் நுண்துளிகளாகப் பிரித்து நீரில் மிதக்கச் செய்தல் மற்றொன்று.

வகுப்பறையிற் செய்து காட்டத்தக்க சோதனை

மூடியுள்ள ஆறு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் அரைக் குவளை வெதுவெதுப்பான நீரை விடுக. மூன்றில், பலகாரம் சுட்டு மீந்த பழைய எண்ணெயை ஒரு தேக்கரண்டி வீதமும், மற்ற மூன்றில் தையல் இயந்திர எண்ணெயை அதே அளவும் சேர்க்க. ஒவ்வொரு வகையிலும் முதற் புட்டியை அப்படியே விட்டு, இரண்டாவதில் சலவைச் சோடாவும், மூன்றாவதில் பாத்திரம் கழுவும் திரவமும் ஒவ்வொரு தேக்கரண்டி இடுக. எல்லாவற்றையும் இருபது முறை குலுக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க.

வெறும் நீரில் இருவகை எண்ணெயும் மேலே திரண்டு நிற்கும். சோடாக் கரைசலில் சமையல் எண்ணெயுள்ள புட்டி கலங்கிப் பால்போல் வெளுக்கும். தையல் இயந்திர எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கும். சலவைத் திரவத்தில் இரண்டுமே கலங்கி நிற்கும். இதைக் கண்ட மாணவன், பொருளைத் தெரிந்தெடுக்கும் முன் பிசுக்கின் இனத்தை அறியவேண்டும் என்பதை மறவான். சோடா கையில் எரிச்சல் உண்டாக்குமாதலால் அதனை ஆசிரியரே கையாள்வது நலம்.

பரப்பையும் பணியையும் அறிதல்

அடுத்த வினா, பிசுக்கு எதன்மேல் உள்ளது என்பதாகும். இரும்பும் எஃகும் காரத்தைத் தாங்கும். அலுமினியம் தாங்காது, காஸ்டிக் சோடா அதனை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிப்படுத்தும். சலவைச் சோடாவிலும் அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போகும். ரப்பர் வளையங்கள் மண்ணெண்ணெயில் ஊறிப் பருத்துவிடும்.

பரப்பின் பணியும் முக்கியமானது. 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற தங்கவயற் சுரங்கங்களில், மனிதர்களை ஏற்றியிறக்கிய கூண்டுகள் கம்பிவடத்திலேயே தொங்கின. அத்தகைய வடத்தின் உட்புறத்தில் மசகு இருந்தாக வேண்டும். கரைப்பானில் நனைத்துக் கழுவினால் உள்மசகு வெளியேறி, இழைகள் உராய்ந்து துருப்பிடிக்கும். ஆதலால் கம்பித் தூரிகையால் மேலழுக்கை நீக்கி மீண்டும் மசகிடுவதே முறை. தடைக்கட்டையின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அதன்மேல் எண்ணெய் படிந்தால் பிடிப்பு நழுவும். ஒன்றில் பிசுக்கு உயிர் காப்பது. மற்றொன்றில் உயிருக்கு உலை வைப்பது. உருளைத் தாங்கிகளைக் கழுவி உலர்த்தியவுடன் எண்ணெயிடாவிட்டால் ஈரக்காற்றில் துருவேறும் என்பதையும் தொழிலாளர் நினைவிற் கொள்க.

பெட்ரோலும் பிற கரைப்பான்களும்

பெட்ரோல் பிசுக்கை விரைவாகக் கரைக்கும், விலையும் எட்டாததன்று. எனினும் அதனைக் கழுவுவதற்குப் பயன்படுத்தவே கூடாது. சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரி சென்டிகிரேட் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை அது தரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே ஆவி கலந்திருந்தாலும் ஒரு பொறியில் வெடிக்கும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. பழுது பார்க்கும் குழியில் தேங்கி நிற்கும். சுரங்கத்தில் தாழ்ந்த இடங்களில் கெட்ட காற்று தேங்குவதை அறிந்த ஊராருக்கு இதனை விளக்குதல் எளிது.

மண்ணெண்ணெய் அவ்வளவு கொடியதன்று. அது தீப்பற்றும் ஆவியைத் தருவது சுமார் 35 டிகிரிக்கு மேல். ஆயினும் கோடை வெயிலில் காயும் இரும்பின் சூடு அதனையும் கடக்கும். ஆகவே நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், சிறு தட்டில் ஊற்றித் தூரிகையால் தேய்ப்பதே தகும். தெளிப்பானில் இட்டு வீசினால் நுண்துளிகள் எளிதில் தீப்பற்றும்.

தீப்பற்றாதவை என்று ஒரு காலத்தில் போற்றப்பட்ட குளோரின் கரைப்பான்களின் வரலாறு படிப்பினை தருவது. கார்பன் டெட்ராகுளோரைடு துணி வெளுக்கவும் தீயணைக்கவும் உபயோகமாயிற்று. அது ஈரலைக் கெடுப்பதும், சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைத் தருவதும் தெரியவந்தன. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, 2010இன் தொடக்கத்தோடு இந்தியாவில் கரைப்பானாக அதன் உபயோகம் கைவிடப்பட்டது. டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. பெயரொட்டி இல்லாத தகரத்தில் இனிய மணத்தோடு விற்கப்படும் எந்தத் திரவத்தையும் சிறு பட்டறைக்காரர் வாங்கலாகாது.

நீர்வழித் துப்புரவு

பெரும்பாலான வேலைக்கு நீரும் சலவைத் திரவமும் போதும். முதலில் மரத்தகட்டாலோ தகரத் துண்டாலோ கனத்த கிரீஸைச் சுரண்டி எடுக்கவேண்டும். பாதி வேலை இதிலேயே முடியும். பின்பு வெந்நீரில் சலவைத் திரவத்தைக் கலந்து பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்க்க. சூடும், ஊறும் நேரமும், தேய்ப்பும் கூடினால் மருந்தின் கடுமையைக் குறைத்துக்கொள்ளலாம்.

கோலார் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. இந்நீரில் சாதாரணச் சோப்பு நுரையாமல் வெண்கசடாகப் படியும். சலவைச் சோடா நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்து மென்மையாக்கும். ஆகவே அடுப்புமேடை, எஃகுப் பாத்திரம், புகைபோக்கியின் வலை ஆகியவற்றிற்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் சிறிது சலவைத் திரவமும் சிக்கனமான கலவையாகும்.

காஸ்டிக் சோடாவைத் தவிர்க்க இயலாத இடத்தில், அதனை நீரிற் சிறிது சிறிதாக இடுக. அதன்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க. குளியலறை அமிலம் பிசுக்கை நீக்காது. அதனை வெளுப்புத் திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிரையே போக்கலாம்.

கையும் குழந்தையும் கழிவும்

வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயிற் கைகழுவுவது பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். அது தோலின் இயற்கை எண்ணெயையும் பறித்து, வெடிப்பையும் சொறியையும் உண்டாக்கும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிய மரத்தூளாலோ கடலைமாவாலோ தேய்த்துப் பின் சோப்பிட்டுக் கழுவினால் கை துப்புரவாகும்.

குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெயை வைப்பது பெரும் பிழை. குழந்தை அதனைத் தண்ணீரென்று குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தியின்போது அது நுரையீரலுக்குட் சென்று கடும் அழற்சியை விளைக்கும். தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

கழுவிய கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றுதலும் ஆகாது. மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால் அழுக்கு அடியிற் படியும். மேற்றெளிவை மறுபடி உபயோகிக்கலாம். மீதியைக் கழிவெண்ணெய் சேகரிக்க உரிமம் பெற்றோரிடம் தருக. தங்கவயலின் நடுவே உயர்ந்து நிற்கும் சயனைட் மேடுகள் கண்முன் உள்ள பாடமாகும். வேலை முடிந்தது, ஆலை நின்றது; கழிவு மட்டும் நின்ற இடத்திலேயே இருந்து, காற்றடிக்கும்போதெல்லாம் தூசாக ஊருக்குட் புகுகிறது. கண்ணுக்கு மறைந்தது அழிந்துபோனதாகாது.

பயிற்சி வினாக்கள்

1. சமையலறைப் பிசுக்கைச் சோடா நீக்குவதும், கிரீஸை நீக்காததும் ஏன்?

2. கம்பிவடத்தையும் தடைக்கட்டையையும் ஒரே முறையில் துப்புரவாக்கலாமா? காரணம் கூறுக.

3. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்கே உபயோகமாகும் கழுவுபொருள்களைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றிற்கும் நான்கு வினாக்களை எழுப்புக: எந்தப் பிசுக்கிற்கு? எந்தப் பரப்பிற்கு? அதன் ஆவி எங்கே போகிறது? அதன் கழிவு எங்கே போகிறது?