சால்ட் லேக்கின் இளம் போதகருக்கு: சிறு சபையும் அதன் விசுவாசமும்

சால்ட் லேக்கில் சில தமிழ்க் குடும்பங்களைக் கூட்டி ஆராதனை நடத்தும் பொறுப்பை ஏற்கும் இளம் போதகர் அவர்களுக்கு,

திருநெல்வேலிப் பகுதியின் ஒரு சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் ஒரே குருவின் பொறுப்பில் இருக்கும் அமைப்பில், ஒருவர் பெரும்பாலும் சபைக்குள்ளேயே பிறக்கிறார். தாத்தாவின் கல்லறை கோயில் தோட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வராதவரைத் திங்கட்கிழமை தெருவே விசாரிக்கிறது. கொல்கத்தாவின் கிழக்கே உவர்ச் சதுப்பை மேடாக்கி 1960களில் எழுப்பப்பட்ட சால்ட் லேக்கிலோ இந்த ஊன்றுகோல்கள் எதுவும் இல்லை. செக்டர் 5-இன் ஐ.டி. அலுவலகங்களுக்காகவும் மத்திய அரசுப் பணிக்காகவும் வந்து, சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகும் குடும்பங்களே அங்கு மிகுதி என்பதால், ஆராதனைக்கு வராமல் இருப்பவரைக் கேள்வி கேட்க ஊரும் இல்லை, உறவும் இல்லை. எனவே அங்கு கூடும் சிறு சபையில் விசுவாசம் வழக்கத்தின் பலத்தால் நிற்பதில்லை. ஒருவர் மற்றொருவருக்குத் தாமாக ஏற்கும் பொறுப்பினால்தான் நிற்கிறது. போதகர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது இதுவே.

விசுவாசம் என்பதற்கு இரண்டு அடுக்குகள் உண்டு. விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடப்படும் உண்மைகளை ஏற்பது ஒன்று. அந்த உண்மைகளை நம்பி, கடவுளிடமும் மனிதரிடமும் வாக்குத் தவறாமல் நடப்பது மற்றொன்று. பெரிய ஆலயத்தில் முதல் அடுக்கு உரத்து ஒலிக்கிறது, இரண்டாவது கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. இருபது முப்பது பேர் கூடும் வரவேற்பறையில் இரண்டாவதை மறைக்க இயலாது. ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் இருவர் எந்த மூலைகளில் உட்கார்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தொடக்ககாலச் சபைகளும் இவ்வாறே வீடுகளில் கூடின. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரின் வீட்டில் கூடிய சபையைப் பவுல் வாழ்த்துகிறார். கொரிந்துவில் வசதியுள்ளவர் வயிறார உண்ண, இல்லாதவர் பசியோடிருந்ததையும் அவரே கண்டிக்கிறார். வீட்டுச் சபையின் நெருக்கமும் அதன் பிளவும் ஒரே பந்தியில்தான் வெளிப்பட்டன.

இந்தப் பந்தியின் பொருள் வங்காளத்தில் மேலும் கூர்மையாகத் தெரிந்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையிலுள்ள செராம்பூரில் தச்சரான கிருஷ்ண பால் 1800 டிசம்பர் 28 அன்று மிஷனரியான வில்லியம் கேரியிடம் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே மிஷனரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உண்டு, சாதிக் கட்டைப் பலர் அறிய அவர் உடைத்துவிட்டார். ஊர் கொதித்தெழுந்ததற்கு முதற்காரணம் அந்தச் சாப்பாடே. கோட்பாட்டை ஏற்றதைவிட யாரோடு உண்டார் என்பதே அவருடைய விசுவாசத்தைக் காணக்கூடியதாக்கியது.

தென் மாவட்டத் தமிழ்ச் சபைகளுக்கு அசனம் என்ற பொதுவிருந்து பழகியதுதான். சால்ட் லேக்கில் அதை மாதம் ஒருமுறை நடத்துவதாயின், போதகர் ஒரு சிறிய காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அலுவலக மேலாளர்கள் நாற்காலிகளில் அமர்ந்து பேச, அவர்களில் ஒருவருடைய கார் ஓட்டுநரும் வீட்டு வேலைக்கு ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட பெண்ணும் சமையலறை வாசலில் தட்டோடு நிற்பார்களானால், அன்று திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டதாகச் சொன்ன வார்த்தை அந்த வாசலிலேயே பொய்யாகிறது. பிரசங்கத்தில் இதைக் குத்திக்காட்டுவதைவிட, போதகர் தம் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெயர் சொல்லிப் பேசி, அடுத்த வாரம் வேதபாடம் வாசிக்கும் முறையை அவர்களுக்கும் கொடுப்பதே தகும்.

பணமும் உரிமையும் சார்ந்த எச்சரிக்கை ஒன்று கொல்கத்தாவின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1740இல் கடலூருக்கு வந்து ஊழியம் செய்த சுவீடன் நாட்டவரான கிர்னாண்டர், அவ்வூர் பிரெஞ்சுக்காரர் வசமானபின் 1758இல் கொல்கத்தா சென்று, பெரும்பாலும் தம் கைப்பணத்தில் கட்டிய பழைய மிஷன் ஆலயத்தை 1770இல் திறந்தார். பிற்காலத்தில் அவர் கடனில் மூழ்கியபோது, ஆலயமும் அவருடைய சொத்தாகக் கருதப்பட்டு 1787இல் கடன்காரர்களின் பிடிக்குள் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து மீட்டிராவிட்டால் அங்கு ஆராதனை நின்றிருக்கும். கொடையாளியின் நல்லெண்ணத்தில் குறையில்லை. சபையின் உடைமை ஒருவர் பெயரில் இருந்ததே குறை. ஆகவே காணிக்கையை இருவர் எண்ணிக் கையெழுத்திடுவதும், வங்கிக் கணக்கைச் சபையின் பெயரில் வைப்பதும் நிர்வாக வேலை என்று போதகர் ஒதுக்கலாகாது.

உடைமைக்குப் பொருந்துவது ஊழியத்துக்கும் பொருந்தும். குருமாரை மட்டும் நம்பியிராத சபையை இந்தியர் ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறார்கள். 1886இல் சென்னையில் மருத்துவர் பரணி ஆண்டி தேசியத் திருச்சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொல்கத்தாவில் காளிசரண் பானர்ஜியும் நண்பர்களும், அபிஷேகம் பெற்ற குருக்களே இல்லாத கிறிஸ்தோ சமாஜத்தை அமைத்தார்கள். இரண்டும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. எனினும் விசுவாசம் குருவின் வழியாக வாடகைக்குப் பெறும் பொருளன்று என்ற அவற்றின் எண்ணம் அழியவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள் மிகுந்த, தாம் பேராயராயிருந்த தோர்ணக்கல் மண்டலத்தில் அவர் வற்புறுத்தியது, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் சாட்சி பகரக் கடமைப்பட்டவர் என்பதையே. சிறு சபையில் ஜெபிப்பதும் பாடலைத் தொடங்குவதும் நோயாளியைப் பார்ப்பதும் போதகர் ஒருவருடைய வேலையாகவே இருந்தால், அவர் மாற்றலாகும் நாளில் சபையும் கலைந்துவிடும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மகளின் பேறுகாலத்துக்குத் தென் மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்திருக்கும் தாயார் புத்தகம் திறக்காமலேயே கீர்த்தனையை முழுதும் பாடுவார். அருகில் இருக்கும் பேரனோ வங்காளத்தையும் ஆங்கிலத்தையும் படித்து, தமிழ் எழுத்தறியாமல் விழிப்பான். இருவரில் எவரையும் இழக்காமலிருக்க, பாட்டைத் தமிழில் வைத்து வேதபாடத்தை இரு மொழிகளில் வாசிக்கலாம். கிறிஸ்துமஸ் நாளில் பக்கத்து பிளாக்கின் வங்காளிகள் கேக்கோடு வந்து கதவைத் தட்டும்போது, அவர்களுடைய மொழியில் வரவேற்று உட்கார வைக்க ஒருவராவது அங்கு இருக்க வேண்டும். தமிழருக்குத் தமிழர் துணை என்பதோடு நின்றுவிடும் கூட்டம் நல்ல சங்கமாகலாம். சபையாவதற்கு அது போதாது.

இறுதியாக, எண்ணிக்கை குறித்து மனம் தளர வேண்டியதில்லை. சால்ட் லேக்கில் வருகைப் பதிவேடு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகாது. பக்குவப்பட்ட குடும்பமே முதலில் புனேவுக்கோ பெங்களூருக்கோ போய்விடும். அப்படிப் போகிறவர்களுக்காகச் சபையார் கூடி ஜெபித்து, அவர்கள் செல்லும் ஊரின் சபைக்கு அறிமுகக் கடிதம் எழுதி, ஓரிரு மாதம் கழித்து அங்கே சேர்ந்தார்களா என்று தொலைபேசியில் விசாரிப்பதும் ஊழியமே. அவர்கள் புதிய ஊரிலும் பிறருக்குப் பொறுப்பேற்கிறவர்களாக இருந்தால், போதகர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்.