சட்ட ஆங்கிலத்தில் சொல் தேர்வு: இளம் வழக்குரைஞருக்கு ஒரு கடிதம்



தா.பழூர் வட்டாரத்துக் கட்சிக்காரர் தமிழில் சொல்லும் வழக்கை ஆங்கிலத்தில் மனுவாக வரையும் இளம் வழக்குரைஞர், பள்ளிக் கட்டுரையில் பாராட்டுப் பெற்ற ஒரு பழக்கத்தை, அதாவது ஒரு சொல் திரும்ப வராதிருக்க அதன் ஒருபொருட்சொற்களை மாற்றி மாற்றி எழுதுவதை, முதலில் கைவிட வேண்டும். சட்ட ஆங்கிலத்தில் சொல் மாறினால் பொருளும் மாறியது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அந்த வாதத்தின் விலையைக் கட்சிக்காரரே கொடுக்க நேரும்.

பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் நில எடுப்பு கண்ட, அருகிலுள்ள ஜெயங்கொண்டம் பகுதியில் இந்த எச்சரிக்கையின் அருமை எளிதில் விளங்கும். இழப்பீட்டை நிர்ணயித்து அலுவலர் பிறப்பிக்கும் ஆணைக்குத் தீர்வம் என்று பெயர். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தீர்வத்தை ‘அக்செப்ட்’ செய்யாதவர், அதாவது அதற்கு இசையாதவர், நீதிமன்றத்தின் முடிவைக் கோரலாம் என்றது. 31ஆம் பிரிவோ, எதிர்ப்பைத் தெரிவித்துத் தொகையை ‘ரிசீவ்’ செய்ய, அதாவது பெற்றுக்கொள்ள, வழிவிட்டு, எதிர்ப்பின்றிப் பெற்றவருக்கு நீதிமன்றத்தின் முடிவைக் கோரும் உரிமையை மறுத்தது. அதற்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 64, 77ஆம் பிரிவுகளிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது.

‘பணம் வாங்கிவிட்டேன்’ என்று கட்சிக்காரர் சொல்லும்போது, எதிர்ப்புடன் வாங்கினாரா, இசைந்து வாங்கினாரா என்பது அச்சொல்லில் தெரியாது. ஆகவே பற்றுச்சீட்டில் அவர் கையெழுத்துக்கு அருகே ‘அண்டர் புரோட்டஸ்ட்’ என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்தபின்பே ஆங்கில வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனமின்றி ‘அக்செப்ட்’ என்று எழுதினால், தீர்வத்துக்கு இசைந்ததாகக் கட்சிக்காரரின் மனுவே ஒப்புக்கொண்டுவிடும்.

பிற சொல்லிணைகளும் இத்தகையவையே. ‘அக்விசிஷன்’ நிலத்தின் உடைமையுரிமையையே அரசுக்கு மாற்றுவது. ‘ரெக்விசிஷன்’ உடைமையுரிமையை மாற்றாமல் தற்காலிகமாக அரசின் பயன்பாட்டுக்கு எடுப்பது. ‘லீஸ்’ சொத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றித் தருகிறது. ‘லைசென்ஸ்’ சொத்தில் எந்த உரிமையும் தராமல் அனுமதி மட்டும் அளிக்கிறது. ஆவணத்தில் இட்ட பெயரைவிட அதன் உள்ளடக்கமே முக்கியம் என்று அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்ததால், சரியான சொல்லைத் தலைப்பில் இட்டால் மட்டும் போதாது; ஒவ்வொரு வாசகமும் அச்சொல்லுக்குப் பொருந்த வேண்டும்.

எனவே, இளம் வழக்குரைஞரே, எழுதத் தொடங்குமுன் சட்டத்தின் வரையறைப் பிரிவைப் படியுங்கள். உரிமை தரும் பிரிவு எந்த வினைச்சொல்லை ஆள்கிறதோ, உண்மை அதற்குப் பொருந்துமாயின், அதையே மனு முழுவதும் ஆளுங்கள். எழுதியதைக் கட்சிக்காரருக்குத் தமிழில் விளக்கி, அவர் சொன்னது அதுதானா என்று கேட்டபின் கையெழுத்து வாங்குங்கள்.