இல்லற நிறைவை அளக்கும் வினாக்கள்

கணவன் மனைவியரின் மனநிறைவை அளந்தறிய, 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிரகாம் ஸ்பேனியர் 32 வினாக்களைத் தொகுத்து வெளியிட்டார். துணைவருக்கு முத்தமிடுவதுண்டா என்பதும் அவற்றுள் ஒன்று. அதனை அப்படியே தமிழாக்கிப் பூம்புகார்ப் பகுதியில் வினவினால், நாணமே விடையாகக் கிட்டும்.

சொல்லைப் பெயர்த்தல் போதாது. வினா நம் வாழ்க்கைக்கு ஏற்றதாதல் வேண்டும். நெல் விற்ற பணத்தைச் செலவிடுமுன் மனைவியைக் கலந்துகொள்வதுண்டா? அவள் நோயுற்றால் அடுப்படி வேலையை ஏற்பவர் யார்? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் அனிஷா ஷா 1995-இல் இந்தியக் குடும்பங்களுக்கென வெளியிட்ட அளவுகோல், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வடிவம் உடையது.

மாமியார் முன்னிலையில் மருமகள் கூறும் "குறையொன்றுமில்லை" என்னும் சொல் நிறைவுக்குச் சான்றாகாது. ஆதலின், கணக்கெடுப்பாளர் வருங்கால் பெண்களைத் தனியே வினவ ஊராட்சி உறுப்பினர்கள் ஆவன செய்தல் வேண்டும். இன்றேல், துன்புறும் பெண்ணும் மகிழ்ந்தோர் கணக்கில் சேர்ந்துவிடுவாள். அவளுக்குரிய உதவி அவளைச் சென்றடையாது.