மெய்நிகர் உலாவி: கணிப்பொறிக்கு ஒரு திண்ணை

நம் முன்னோர் வீட்டின் முகப்பில் திண்ணை அமைத்தனர். முன்பின் அறியாத வழிப்போக்கரையும் அங்கே அமர்த்தி, தண்ணீர் தந்து உபசரித்தனர். நன்கறிந்தோரையே உள்ளே அழைத்தனர். விருந்தோம்பலும் காவலும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு அது. இணையத்தின் வழியே நம் கணிப்பொறியை நாடி வருவனவற்றிற்கும் அத்தகைய திண்ணை ஒன்று தேவை. மெய்நிகர் உலாவி அத்தேவையை நிறைவு செய்கிறது.

உலாவி வழியே வரும் ஊறு

இணையப் பக்கம் படிப்பதற்குரிய ஏடு மட்டுமன்று. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அறிமுகமானது முதல், யாரோ எழுதிய நிரல்கள் பக்கத்துடன் வந்து நம் பொறியில் இயங்குகின்றன. உலாவியில் பிழையிருப்பின், அதன் வழியே ‘மால்வேர்’ எனப்படும் தீநிரல் நுழைந்துவிடும். அது கோப்புகளைத் திருடலாம். அவற்றைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் அறிந்த அடையாளங்களையும் ஐயத்திற்குரிய செயல்களையும் கொண்டே பகையை இனங்காண்கிறது. புதிய தீநிரல் அதன் கண்ணுக்குத் தப்புவதுண்டு.

பொறிக்குள் ஒரு பொறி

ஒரு கணிப்பொறிக்குள் வேறொரு கணிப்பொறி இருப்பதுபோல் இயங்கச் செய்வதே மெய்நிகராக்கம். இக்கலை புதியதன்று. 1972இலேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணிப்பொறிகளுக்கென வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது.

உலாவியை இத்தகைய உட்பொறியில் இயக்கினால், நுழைந்த தீநிரல் அதனையே முழுப்பொறியாகக் கொண்டு அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். பணி முடிந்து உட்பொறியை அழிக்கும்போது தீநிரலும் உடன் அழியும். 2019இல் விண்டோஸ் 10இன் சில பதிப்புகளில் சேர்க்கப்பட்ட ‘விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்’ இவ்வகையினது; அதனை மூடியவுடன் உள்ளிருந்தவை யாவும் நீங்கிவிடும். 2008இல் வெளிவந்த குரோம் உலாவியும் பக்கங்களைப் பிரித்து, உரிமை குறைத்து இயக்குகிறது. எனினும் அங்கே இயங்குதளம் பொதுவானது. ஆகவே அது வேலி, உட்பொறியோ சுவர்.

சுவரின் எல்லை

சுவரிலும் விரிசல் காணக்கூடும். 2015இல் ‘வெனம்’ எனப் பெயரிடப்பட்ட குறை வெளிப்பட்டது. சில மெய்நிகர் அமைப்புகளில், பழைய நெகிழ்வட்டுக் கருவியைப் போலச் செய்யும் நிரற்பகுதியில் இருந்த பிழை, உட்பொறியிலிருந்து வெளியேற வழிவிடக்கூடியதாக இருந்தது. பின்னர் அது திருத்தப்பட்டது.

அதனினும் பெரிய வாயில் நம் கையிலேயே உள்ளது. போலி வங்கிப் பக்கத்தில் நாமே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால் எந்தச் சுவர் தடுக்கும்? உட்பொறியில் இறக்கிய கோப்பை நாமே வெளியே கொணர்ந்து திறந்தால், திண்ணையில் இருந்தவனைக் கைபிடித்து உள்ளே அழைத்தவர்களாவோம்.

நம் கடமை

கல்லூரிக் கணிப்பொறியில் இருப்பவை மாணவரின் மதிப்பெண்களும் பல்லாண்டு உழைப்பில் விளைந்த ஆய்வேடுகளும் ஆகும். அவை பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். எனவே ஐயத்திற்குரிய இணைப்புகளை உட்பொறியிலேயே திறப்போம். மென்பொருள்களைக் காலந்தோறும் புதுப்பிப்போம். முக்கியக் கோப்புகளின் நகலைப் பொறிக்கு வெளியே காப்போம். கருவி காப்பது பொறியை; அமானிதத்தைக் காக்க வேண்டியவர் நாமே.