வெட்டிக்கொள்ளாத கோடுகளும் சூரியத் தாரைகளும்

ஒன்பதாம் வகுப்பில் காந்தவியல் பாடம் நடத்தும்போது நாம் அனைவரும் கரும்பலகையில் எழுதும் வரி ஒன்று உண்டு: காந்த விசைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் சூரியனைப் பற்றிய அறிவியல் செய்திகளைப் படிக்கும் மாணவருக்கு இதே வரி சிக்கலாகிறது. சூரியனில் காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைகின்றன என்று அங்கே எழுதியிருக்கும். வெட்டிக்கொள்ளவே செய்யாத கோடுகள் எப்படி ஒன்றோடொன்று மாறி இணையும்? என் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டபோது, அந்தப் பாடவேளையை அக்கேள்விக்கே ஒதுக்கினேன். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் இரண்டு சட்டகாந்தங்களைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

செயல்பாடு

தேவையானவை: இரண்டு சட்டகாந்தங்கள், வெள்ளை அட்டை, இரும்புத்தூள், சிறிய காந்த ஊசி.

1. இரு காந்தங்களையும் ஒரே நேர்க்கோட்டில், வடதுருவங்கள் எதிரெதிரே இருக்குமாறு சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, நகராதபடி ஒட்டவும். மேலே அட்டையை வைத்து இரும்புத்தூளைத் தூவி மெல்லத் தட்டவும். இடைவெளியின் நடுப்பகுதியில், துகள்கள் எந்த வரிசையிலும் சேராத ஒரு சிறு இடம் தெரியும்.

2. காந்த ஊசியை அந்த இடத்தின் வழியே ஒரு காந்தத்திலிருந்து மற்றொன்றை நோக்கி நகர்த்தவும். நடுவைக் கடந்ததும் ஊசி எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். திரும்பும் இடத்தில் புலம் சுழி. அதுவே நடுநிலைப் புள்ளி.

3. ஒரு காந்தத்தை மட்டும் திருப்பி வைத்து மீண்டும் தூவவும். முன்பு தத்தம் தென்துருவத்துக்கே திரும்பிய கோடுகளில் பல, இப்போது அடுத்த காந்தத்துக்குள் நுழைகின்றன.

இங்கே மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: கோடுகள் ஏன் வெட்டிக்கொள்வதில்லை? வெட்டிக்கொண்டால் ஒரே இடத்தில் ஊசி இரண்டு திசைகளைக் காட்ட வேண்டியிருக்கும். அது இயலாது. ஆனால் நடுநிலைப் புள்ளியில் புலமே இல்லை. எனவே திசையும் இல்லை. காரணம் பொருந்தாத இடத்தில் விதியும் தடையாக நிற்பதில்லை. மேலும், விசைக் கோடு என்பது கயிறு அன்று. நிலவரைபடத்தில் சமஉயரக் கோடு வரைவதுபோல, புலத்தின் திசையைக் காட்ட நாம் வரையும் கோடு. புலம் மாறினால் கோடும் மாறும். இதை உணர்ந்த மாணவர்களுக்குச் சூரியனை விளக்குவது கடினமன்று.

மேசையில் நிகழாதது சூரியனில் நிகழ்வது ஏன்?

மேசையில் காந்தத்தைத் திருப்பினால் ஒன்றும் வெடிப்பதில்லை. சூரியனில் இருப்பதோ பிளாஸ்மா. மின்சாரத்தை நன்கு கடத்தும் மின்னூட்டத் துகள்களின் கூட்டம். கடத்தியில் காந்தப்புலம் மாறும்போது அம்மாற்றத்தை எதிர்க்கும் மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்பது மின்காந்தத் தூண்டல் பாடம். அதனால் பிளாஸ்மாவும் காந்தப்புலமும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நகர்கின்றன. சூரியனின் மேற்பரப்புக்குக் கீழே, கொதிக்கும் உலைநீர்போலப் பிளாஸ்மா ஓயாமல் மேலெழுந்து புரள்கிறது. அதோடு காந்தப்புலமும் முறுக்கேறுகிறது. முறுக்கிய ரப்பரைப்போல ஆற்றல் அதில் சேர்கிறது.

எதிர்த்திசைப் புலங்கள் மிக நெருங்கும் மெல்லிய அடுக்கில் மட்டும் இந்த ஒட்டுதல் தளர்கிறது. அங்கே கோடுகள் இணை மாறுகின்றன. சேர்ந்திருந்த ஆற்றல் வெப்பமாகவும் வேகமாகவும் வெளிப்படுகிறது. இதற்குக் காந்த மறுஇணைப்பு என்று பெயர்.

தாரை பிறக்கும் விதம்

சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதைச் சூழ்ந்த வெளி மண்டலமான கொரோனாவோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல். (மகுடம் என்ற பொருளுடைய இச்சொல்தான் 2020-இல் வைரஸின் பெயராக நம் வீடுகளுக்குள் வந்தது.) இங்கே மெல்லிய ஊற்றுபோலப் பீய்ச்சி அடிக்கும் பிளாஸ்மாவே கொரோனா தாரை. 1991-இல் ஏவப்பட்ட ஜப்பானின் யோக்கோ விண்கலம் இவற்றை எக்ஸ் கதிர்ப் படங்களில் தெளிவாகக் காட்டியது. சாதாரணமான ஒரு தாரை சுமார் 50,000 கிலோமீட்டர் உயரும். ஏறக்குறைய நான்கு பூமிகளை அடுக்கிய உயரம். வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பத்து நிமிடங்களில் அடங்கிவிடும்.

சூரியனின் துருவப் பகுதிகளில் காந்தப்புலம் பெரும்பாலும் ஒரே துருவத்தன்மையோடு விண்வெளியை நோக்கித் திறந்திருக்கும். அதன் நடுவே எதிர்த் துருவத்திட்டு ஒன்று இருந்தால், அதன்மேல் கோடுகள் குடைபோல வளைகின்றன. குடையின் உச்சியில் நம் அட்டையில் கண்ட அதே நடுநிலைப் புள்ளி. குடைக்குள் ஓர் ஓரமாக, முறுக்கிய புலம் தாங்கிப் பிடித்த குளிர்ந்த பிளாஸ்மா இழை ஒன்று கிடக்கிறது.

பிளாஸ்மா ஓட்டம் எதிரெதிர்த் துருவத்திட்டுகளை ஒன்றை நோக்கி ஒன்று தள்ளும்போது, அவை மோதி ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இழையைப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. இழை மேலெழுகிறது. அதன் கீழே நிகழும் மறுஇணைப்பால் அடிவாரத்தின் ஓரத்தில் ஓர் ஒளிப்புள்ளி பளிச்சிடுகிறது. மேலே, இழையைச் சுமந்த புலம் குடை உச்சியில் திறந்த கோடுகளோடு மறுஇணைகிறது. அதுவரை அடைபட்டிருந்த பிளாஸ்மா அந்தத் திறந்த வழியே தாரையாகப் பாய்கிறது.

விளக்கம் மாறிய கதை

தொடக்கத்தில் அறிவியலாளர்கள், கீழிருந்து புதிதாக மேலெழும் காந்தப்புலம் பழைய புலத்தோடு மோதுவதே தாரைக்குக் காரணம் என்றனர். ஆனால் ஒளிப்புள்ளி அடிவாரத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் தெரிவது ஏன் என்ற கேள்வி இருந்தது. 2015-இல் ஸ்டெர்லிங் குழுவினர் துருவப் பகுதித் தாரைகள் 20-ஐ ஆராய்ந்து, அவற்றில் சிறு இழை வெடித்தெழுவதைக் காட்டினர். 2016-இல் பனேசர் குழுவினர், சூரியனின் அமைதியான பகுதிகளில் தோன்றிய 10 தாரைகளை ஆராய்ந்தனர். பத்திலும் எதிர்த் துருவங்கள் நெருங்கி நீங்குவதே தூண்டுதலாக இருந்தது. எல்லாத் தாரைகளுக்கும் இது ஒன்றே வழி என்று ஆய்வுலகம் முடிவு கட்டிவிடவில்லை. படத்தின் ஓரத்தில் இருந்த ஓர் ஒளிப்புள்ளி ஒரு விளக்கத்தையே மாற்றியது என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். உற்றுநோக்கல் என்ற திறனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதன் பயன் என்ன என்று கேட்கும் மாணவரும் இருப்பார். சூரியனிலிருந்து ஓயாமல் வெளிவரும் சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைத் தாக்குகிறது. சோலார் ஆர்பிட்டர் விண்கலம் படம்பிடித்த மிகச் சிறிய தாரைகள் அக்காற்றுக்குப் பிளாஸ்மாவை ஊட்டக்கூடும் என 2023-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்த நம் ஆதித்யா எல்-1 விண்கலமும் கொரோனாவை ஆராய்கிறது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. நடுநிலைப் புள்ளியில் காந்த ஊசி ஏன் உறுதியான திசையைக் காட்டுவதில்லை?
2. விசைக் கோடுகள் வெட்டிக்கொள்வதில்லை என்ற விதிக்குக் காரணம் கூறுக. அக்காரணம் எங்கே பொருந்தாது?
3. மேசையில் காந்தத்தைத் திருப்பும்போது வெடிப்பு நிகழாததும், சூரியனில் நிகழ்வதும் ஏன்?

இரண்டாம் வினாவை எழுத்துத் தேர்வில் கேட்பதைவிட, இரும்புத்தூள் படிந்த அட்டையைக் கையில் கொடுத்து வாய்மொழியாகக் கேட்பது நல்லது. விதியை மட்டும் கற்றவர் யார், காரணத்தையும் கற்றவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.