பெருந்தமனிப் பிளவு

நெஞ்சாங்குலையினின்று புறப்பட்டு உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் தலைமைக் குழாயைப் பெருந்தமனி என்பர். அதன் சுவர் மூன்று படலங்களால் ஆயது. அடியேதும் படாமலே சிலர்க்கு அதன் உட்படலம் கிழிவதுண்டு. குருதி அக்கிழிசலின் வழியே புகுந்து படலங்களைப் பிளந்துகொண்டு செல்லும். புறப்படலமும் உடையுமாயின், குருதி நெஞ்சகத்தே பாய்ந்து உயிர் நீங்கும். இலக்கம் பேரில் ஓராண்டிற்குச் சிலர்க்கே இந்நோய் வரும். எனினும், அரிதென்று இதனை நாம் அறியாதிருத்தல் தகாது.

பழைய சான்றொன்று காண்போம். 1760ஆம் ஆண்டில் ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் நம் நாட்டிற் பொருதனர்; கள்ளக்குறிச்சிக்கு அணித்தாகிய தியாகதுர்க்கக் கோட்டையும் அக்காலத்தே கைமாறிற்று. அவ்வாண்டு அக்டோபர் 25ஆம் நாட் காலையில், ஆங்கில மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இலண்டன் அரண்மனையில் திடீரென வீழ்ந்து மாண்டார். மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ் அவருடலை ஆராய்ந்து, நெஞ்சாங்குலையின் உறை குருதியால் நிறைந்திருந்ததையும், அதன் வலக் கீழறை உடைந்திருந்ததையும், பெருந்தமனியில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலக் கிழிசல் இருந்ததையும் எழுதிவைத்தார். முடியும் படையும் உடையார்க்கும் அந்நாளில் இந்நோய்க்கு மருந்தில்லை.

இருநூறாண்டு கழித்தே வழி பிறந்தது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டெபேக்கி என்பார் 1950களில் இதற்கு அறுவை முறை வகுத்தார். 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், தம் 97ஆம் அகவையில், அவரே இந்நோய்க்கு ஆளானார். 2006இல் அவ்வறுவையாற் பிழைத்து, 2008 வரை வாழ்ந்தார்.

இனி, இந்நோயின் குறிகள் யாவை? நெஞ்சிலோ தோட்பட்டைகளின் நடுவிலோ கிழிப்பதுபோன்ற கடுவலி திடீரெனத் தோன்றும், மயக்கம் வரலாம், இரு கைகளிலும் குருதியழுத்தம் வேறுபடலாம். மாரடைப்பென மயங்கிக் குருதியை இளக்கும் மருந்தளிப்பின் கேடு மிகும். ஆதலின் சி.டி. படமெடுத்துத் தெளிதல் இன்றியமையாதது. நெஞ்சாங்குலையை ஒட்டிய பகுதி பிளந்தால், தொடக்கத்தில் ஒவ்வொரு மணியும் இறப்பை அணுகுவிக்கும்.

நிற்க. கல்வராயன் மலைச்சிற்றூரில் ஒருவர்க்கு இந்நோய் வந்ததெனக் கொள்வோம். அவர் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சியை அடைதல் வேண்டும். நெஞ்சறுவை வல்லாரை நாடிப் பெருநகர்க்கும் செல்லவேண்டி வரலாம். 108 ஊர்தி விரையினும் மலைவழி குறுகுவதில்லை. எனவே வருமுன் காத்தலே மலைவாழ்நர்க்கு உறுதி பயப்பதாம்.

இந்நோய்க்குப் பெருங்காரணம் மிகுந்த குருதியழுத்தம். அதனை அளத்தற்குக் கையிற் சுற்றும் பட்டையொன்றே போதும். 2021இல் தோன்றிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டம் அதற்குரிய மருந்தை இல்லந்தோறும் கொடுக்க எழுந்ததாகும். மன்னர்க்குக் கிட்டாத அக்காவல் இன்று மலைக்குடிக்கும் கிட்டுவதாயிற்று. கற்ற நாம் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், நம் பெற்றோரும் அயலாரும் அழுத்தம் அளந்துகொள்ளச் செய்வோமாக.